காய்ச்சல் கண்ட மலை!

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, போட்டிங், வாடகை சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம். 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு குணா குகை பக்கம் ஆளுக்கு ஒரு ரீல்ஸ். கரெக்ட்டா?

என் லிஸ்ட்டும் அதேதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது... ரெண்டு நாள் சுத்திவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அந்த லிஸ்ட்டில் ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. பூண்டு வயலில் ஒரு பாட்டி கேட்ட ஒரே ஒரு கேள்விதான் நிற்கிறது. அது என்ன கேள்வி? வாங்க, பஸ் ஏறலாம்!

நாலு பேர், நாலு கனவு

நாங்கள் நாலு பேர். நாலு பேரும் மூன்றாம் வருஷ இன்ஜினீயரிங். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட் என்ற பூதம் காத்திருக்கிறது. அதனால் இப்போதே எல்லோருக்கும் ஜுரம்.

ஒருத்திக்கு சொந்தமாக கம்பெனி ஆரம்பிக்க வேண்டும். அவளை நாங்கள் கூப்பிடுவது ‘ஸ்டார்ட்-அப்’. இன்னொருத்தி காலையில் எழுந்ததும் மூணு பேப்பர் படிப்பாள், எதற்கெடுத்தாலும் ‘அது ஒரு பாலிசி பிரச்னை’ என்பாள். அவள் பேர் ‘தலைவி’. மூணாவது ஆள் ‘சயின்டிஸ்ட்’. அவளுக்கு மேலே படித்து ஆராய்ச்சி பண்ண வேண்டும். நான்? எந்தக் கனவும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காத ஆள். எனக்கு ‘ஊர்சுத்தி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டார்ட்-அப்பின் அத்தை வீடு கொடைக்கானல் ஆனந்தகிரியில் இருக்கிறது. ‘அத்தை வீட்டுல தங்குறோம்ப்பா’ என்றதும் நாலு வீட்டிலும் பர்மிஷன் ஓ.கே! போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் காலேஜில் ‘புது ஐடியா’ போட்டி. ஸ்டார்ட்-அப்பின் ஐடியா இதுதான்: மண்ணுக்குள் குத்தி வைக்கும் சின்ன ஈரப்பத சென்சார். மண்ணில் ஈரம் குறைந்தால் விவசாயி போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். பேட்டரியோடு சேர்த்து பிசின் ஊற்றி சீல் பண்ணிவிட்டால் மழை, சேறு எதுவும் அண்டாது. விலையும் ரொம்பக் குறைவு. பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். சர்க்யூட் அவளுடையது, கோடிங் என்னுடையது. மலைப்பூண்டு விளைகிற ஊரில் போய் நாலு விவசாயிகளிடம் காட்டி ‘சூப்பர்’ என்று சொல்ல வைத்து வீடியோ எடுத்துவிட்டால் பரிசு நமக்குத்தான் என்பது பிளான்.

இ-பாஸ் சண்டை

மதுரை ஆரப்பாளையத்தில் அரசு பஸ். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னலோர சீட்டுக்கு அடிதடி. டம்டம் பாறை பக்கம் தூரத்தில் எலிவால் அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

மேலே போகப் போக கார் வரிசை. ஸ்டார்ட்-அப் கடுப்பாகிவிட்டாள். “இதுக்குத்தானே இ-பாஸ் வெச்சாங்க? அப்பவும் இப்படி நின்னா எப்படி?”

இந்த இ-பாஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே 7 முதல் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. கணக்கு மட்டும் பதிவானது. அடுத்த வருஷம் கோர்ட் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்தது. 2025 ஏப்ரலில் இருந்து ஜூன் வரையிலான சீஸனுக்கு கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. இந்த மலைகள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் வேலையை சென்னை ஐ.ஐ.டி-யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்-மிடமும் ஒப்படைத்தார்கள்.

“பார்த்தியா? சாஃப்ட்வேர் எழுதறது ஒரு நாள் வேலை. அதுல எந்த நம்பர் போடணும்னு முடிவு பண்றதுதான் கஷ்டம். அந்த நம்பர்ல டாக்ஸி டிரைவர் வருமானம் இருக்கு, லாட்ஜ்காரர் கடன் இருக்கு, ஊர்க்காரங்க தண்ணி இருக்கு. அதான் அரசியல்” என்றாள் தலைவி.

“ஏண்டீ, மலை ஏறும்போதாவது அரசியலை விடக்கூடாதா?”

“நீ உக்கார்ந்திருக்குறதே அரசு பஸ்ஸு. இதுக்கு இ-பாஸ் தேவையில்லைன்னு சொன்னதும் பாலிசிதான். எங்க இறங்கி ஓடுவ?”

கண்டக்டரே சிரித்துவிட்டார்.

சூரியனுக்கு ஒரு டைரி

முதல் நாள் சயின்டிஸ்ட்டின் சாய்ஸ். ஏரியிலிருந்து மேலே ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் போகிற போக்கில் போர்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இது ஏன் இங்கே வந்தது தெரியுமா? பஞ்சத்தால்! 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் செத்துப்போனார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அப்போது விஞ்ஞானிகள் தேடினார்கள். சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு நல்ல இடம் வேண்டும் என்று அலசி கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வகத்தின் வேலை 1899-ல் இங்கே மாறியது. 1901-ல் சூரியனைக் கவனிப்பது தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க பாடப்புத்தகங்களில் அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர்.

“சரி, மழை ரகசியம் கிடைச்சுதா?” என்று கேட்டேன்.

“இல்லை. கரும்புள்ளியை எண்ணினா மழை வருமா வராதான்னு சொல்ற மாதிரி சிம்பிள் ஃபார்முலா எதுவும் கிடைக்கலை.”

“அப்ப ஐடியா ஃபெயில்!” என்றாள் ஸ்டார்ட்-அப்.

சயின்டிஸ்ட் முறைத்தாள். “ஃபெயில்தான். ஆனா நூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு நாளும், மேகம் இல்லாத நாள்ல எல்லாம், சூரியனை போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. இப்ப எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கிட்டாங்க. சூரியனோட நடத்தையை இத்தனை வருஷம் சேர்ந்தாப்புல பார்க்கணும்னா உலகத்துல ரொம்பக் கொஞ்ச இடம்தான் இருக்கு. அதுல இது ஒண்ணு.”

2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியது இல்லையா? அதில் போன முக்கியமான கருவியான ‘வெல்க்’கை உருவாக்கியது, இந்த ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் மையம்தான். பஞ்சத்தில் ஆரம்பித்த கதை விண்வெளியில் நிற்கிறது!

ஒருத்தர் போட்டோ எடுப்பார். அதை இன்னும் பிறக்காத யாரோ ஒருத்தர் எடுத்துப் பார்ப்பார். அவருக்குப் புரிகிற மாதிரி தேதி, நேரம் எழுதி வைத்துவிட்டுப் போவார். செமஸ்டர் ரெக்கார்டு நோட்டையே முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து காப்பி அடிக்கிற எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ராத்திரி கேட்ட கதை

அத்தை வீட்டில் சூடாக ரசம், சுட்ட அப்பளம். வெளியே பனி. கம்பளிக்குள் நாலு பேரும் சுருண்டு படுத்த பிறகு தலைவி ஒரு கதை சொன்னாள். பேய்க் கதை என்று நினைத்துக் கேட்க ஆரம்பித்தோம்.

கொடைக்கானலில் ‘பிளசன்ட் ஸ்டே’ என்று ஒரு ஹோட்டல். மலை ஊரில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியிலிருந்து ஹோட்டலுக்கு விலக்கு தந்து 1994-ல் அரசாணை வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து 1980-களில் தொடங்கிய ‘பழனி மலைப் பாதுகாப்புக் குழு’ கோர்ட்டுக்குப் போனது. பிறகு அது கிரிமினல் வழக்காகவும் ஆனது. 2000 பிப்ரவரி 2-ம் தேதி தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. (2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.)

தீர்ப்பு வந்த அன்று மாநிலம் முழுக்க கலவரம். தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள். கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் வெளியே வர முடியாமல் எரிந்து செத்துப்போனார்கள்.

குற்றவாளிகளான மூன்று பேருக்கு 2007-ல் தூக்குத் தண்டனை. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அவர்களை அரசு விடுதலை செய்தது.

அறையில் யாரும் பேசவில்லை. நாங்கள் நாலு பேரும் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனால் அந்த மாணவிகளுக்கு எங்கள் வயசு. அவர்களும் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மலையில் ஒரு கட்டடம் எத்தனை மாடி என்ற கேள்விக்கும் தர்மபுரியில் நின்ற பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் விலை கொடுத்தது அவர்கள்.

“நமக்கு எதுக்கு அரசியல்னு கேட்டீங்களே... நாம அதுகிட்ட போகலைன்னாலும் அது நம்ம பஸ்ஸைத் தேடி வரும்டீ” என்றாள் தலைவி. வழக்கமாக அவளைக் கலாய்க்கிற நாங்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம்.

“தீந்துபோனா எங்க போடுறது?”

அடுத்த நாள் காலையில் மன்னவனூர் பஸ்ஸைப் பிடித்து பூம்பாறையில் இறங்கினோம். ஆஹா! மலைச்சரிவில் படிப்படியாக வெட்டின வயல், நடுவில் நெருக்கி அடித்த ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். போனில் சார்ஜ் தீருகிற வரைக்கும் போட்டோ எடுத்தோம்.

இந்தப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாதாரண பூண்டைவிடக் காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். ரொம்ப நாள் கெடாது. மூட்டை கட்டி கீழே பெரியகுளம் பக்கத்தில் உள்ள வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் போய் ஸ்டார்ட்-அப் தன் சென்சாரை எடுத்து நீட்டினாள். ஐந்து நிமிஷம் விளக்கம். பாட்டி பொறுமையாகக் கேட்டார்.

“மண்ணுல ஈரம் இருக்கா இல்லையான்னு இது சொல்லுமாக்கும்?”

“ஆமா பாட்டி! போனுக்கே மெசேஜ் வந்துரும்.”

பாட்டி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிக் காட்டினார். “எனக்கு இது சொல்லும். சரி, டவுன்ல இருக்குற என் பேரனுக்கு வேணா ஆகும். இதுக்குள்ள என்ன கண்ணு இருக்கு?”

“பேட்டரி பாட்டி. ஒரு சீஸனுக்கு வரும்.”

“தீந்துபோனா எங்க போடுறது?”

ஸ்டார்ட்-அப் என்னைப் பார்த்தாள். நான் சயின்டிஸ்ட்டைப் பார்த்தேன். “அது... குப்பையில...” என்று இழுத்தேன்.

“குப்பை இங்கனதான் கிடக்கும். மழை பேஞ்சா ஓடைக்குப் போகும். ஓடைத் தண்ணிதான் வயலுக்கு. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல, ஊரு பூராம் ஆயிரம் ரெண்டாயிரம் நட்டா?”

‘ஆயிரம்’ என்பது எங்கள் பவர்பாயின்ட்டில் முதல் வருஷ டார்கெட். அதைத்தான் பெரிய பெருமையாக எழுதி வைத்திருந்தோம். வீடியோவை ஆஃப் பண்ணினேன்.

பச்சை எல்லாம் காடு இல்லை

மன்னவனூர் வரை போய்த் திரும்பினோம். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி. வழியெல்லாம் பைன், யூகலிப்டஸ், வாட்டில். “என்னா காடுடீ!” என்று வாய் பிளந்த என்னை சயின்டிஸ்ட் மடக்கினாள். “இதுல பாதிக்கு மேல இந்த மலை மரமே கிடையாது.”

பழனி மலையின் உச்சிப் பகுதிக்கு உண்மையான சொத்து புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும்தான். மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது இந்தப் புல்வெளி. தெற்குப் பக்கத்து ஓடைகள் வைகைக்கும், வடக்குப் பக்கத்து ஓடைகள் அமராவதி வழியாகக் காவிரிக்கும் போகின்றன. நம் ஊர் குழாயில் வருகிற தண்ணீரில் இந்த மலைக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் வெறும் புல் நிற்கிற இடத்தை ‘வீண் நிலம்’ என்று கணக்கு போட்டார்கள். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். நட்டார்கள். அன்றைக்கு அது நல்ல திட்டம். வேலைவாய்ப்பு, வருமானம் எல்லாம் இருந்தது. பிறகு வாட்டில் யார் நட்டும் காத்திருக்காமல் தானாகவே பரவ ஆரம்பித்தது. 1973-க்கும் 2014-க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொல்கிறது. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சிக்கும் அந்தப் புல்வெளிதான் வீடு. 2006, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. அதற்குள் நமக்கெல்லாம் வேலை கிடைத்திருக்கும் என்று நம்புவோம்!

ஒரு தெர்மாமீட்டரின் கதை

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் தலைவி எங்களை செயின்ட் மேரீஸ் ரோடு பக்கம் நடத்திக் கூட்டிப்போனாள். “எதுக்குடீ? அங்க என்ன வியூ பாயின்ட்?” என்றால், “வியூ இல்லாத பாயின்ட்” என்றாள்.

ஃபர்ஸ்ட் இயர் லேப்பில் தெர்மாமீட்டர் உடைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. வெள்ளி முத்துக்களாக உருண்டு ஓடும் பாதரசத்தை விரலால் தொடப் போனபோது லேப் அசிஸ்டென்ட் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் அது. மூச்சு வழியாக உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். தண்ணீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றி, மீன் வழியாக மனுஷன் தட்டுக்குக் கொண்டுவரும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளியே தெரிந்த கொடுமை அதுதான்.

அந்தப் பாதரசத்தை வைத்து தெர்மாமீட்டர் செய்யும் ஆலை 1983-ல் கொடைக்கானலுக்கு வந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஆலையை இங்கே மாற்றினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி, பிறகு அது யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போனதால் ஹிந்துஸ்தான் லீவர். செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின. அத்தை சொன்னார்: “அங்க வேலை கிடைச்சா போதும்னு ஊரே நினைச்ச காலம் அது. மாசச் சம்பளம், கம்பெனி பேரு... சும்மாவா?” இன்றைக்கு நாம் ‘டிரீம் கம்பெனி’ என்கிறோமே, அதே மாதிரி.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாக உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி. அதில் பாதரசம். மார்ச் 7-ம் தேதி ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர்வலமாகப் போனார்கள். நிறுவனம் ஆலையை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ‘எங்கள் குப்பை இல்லை, எடுத்துட்டுப் போ’ என்று ஒரு மலையூர் சொல்லி, அது நடந்தும் காட்டியது. பெரிய விஷயம்தான் இல்லையா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மண்ணில் கலந்தது கலந்ததுதானே? ஆலையில் வேலை பார்த்த தொழிலாளர்கள் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு கெட்டது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். பாதரசத்தால் தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு வரவில்லை என்றது நிறுவனம். வருஷங்கள் ஓடின. 2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாட்டோடு வந்தார். வீடியோ லட்சக்கணக்கான போன்களுக்குப் பறந்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் சமரச ஒப்பந்தம் செய்தது. ஆலை மூடி 15 வருஷம் கழித்து!

மண்ணைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் இன்னொரு இழுபறி. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருந்தால் பரவாயில்லை என்பது ஒரு கணக்கு. சோலைக்கு மேலே நிற்கும் இடத்தில் அது போதாது, இன்னும் சுத்தமாக வேண்டும் என்று போராடினவர்கள் கேட்டார்கள். 2018-ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சோஃபியாவோடு சேர்ந்து இதற்காகவே இன்னொரு பாட்டு பாடினார்.

எனக்கு உறைத்தது என்ன தெரியுமா? அந்த தெர்மாமீட்டர் மோசமான பொருள் இல்லை. உலகம் பூராவும் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்த பொருள். டிசைன் சரி, துல்லியம் சரி, ஏற்றுமதி சரி. மார்க் போட்டால் எங்கள் புரொஃபசர் ஃபுல் மார்க் கொடுப்பார். உடைந்ததும் மிச்சமானதும் எங்கே போகும் என்ற ஒரு கேள்விக்குத்தான் சரியான பதில் இல்லாமல் போனது. ஊர் உலகத்துக்கெல்லாம் காய்ச்சல் பார்த்துக் கொடுத்த மலைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது!

நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்-அப் பையிலிருந்து சென்சாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அந்தப் பாட்டி கேட்டதும் இதுதானே?” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.

இறங்கும்போது ஏறின விலை

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு சண்டை இல்லை. ஸ்டார்ட்-அப் நோட்டை எடுத்துவிட்டாள். தலைவிதான் ஆரம்பித்தாள். “2022-ல பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் வந்திருக்கு. பேட்டரியை விக்கிறவங்கதான் திரும்ப எடுத்து மறுசுழற்சி பண்ற பொறுப்பையும் ஏத்துக்கணும்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்கதான் பாலிசின்னாலே கொட்டாவி விடுறீங்களே!”

நியாயம்தான். நாலு பேரும் சேர்ந்து மாற்றினோம். பிசின் ஊற்றி சீல் பண்ணுவது கேன்சல். திருகாணியால் திறக்கிற டப்பா. உள்ளே திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. ஒவ்வொரு சென்சாருக்கும் நம்பர். எந்த வயலில் எந்த நம்பர் என்று தேதியோடு ஒரு நோட்டு. அது சூரிய ஆய்வகத்துப் பாடம், சயின்டிஸ்ட்டின் ஐடியா! வாங்கும்போது ஒரு முன்பணம், திருப்பித் தந்தால் அந்தப் பணம் வாபஸ். ‘ஆயிரம்’ என்ற டார்கெட்டை அடித்துவிட்டு ‘பத்து’ என்று எழுதினோம். பத்தையும் திரும்ப எடுக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்போம்.

செலவுப் பட்டியலில் ‘திரும்ப எடுக்கும் செலவு’ என்று ஒரு வரி புதுசாக ஏறியது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

போட்டி என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? முதல் சுற்றிலேயே அவுட்! “விலை ஜாஸ்தி. இதே மாதிரி மார்க்கெட்ல பாதி விலைக்குக் கிடைக்குதே?” என்று நடுவர் கேட்டார். “அந்தப் பாதி விலையில மிச்சப் பாதியை மலை கொடுக்குது சார்” என்றாள் ஸ்டார்ட்-அப். நல்ல பதில்தான். மார்க் விழவில்லை. ராத்திரி மெஸ்ஸில் அவள் சாப்பிடவே இல்லை. சும்மா சொல்லவில்லை, எங்களுக்கு ரொம்ப வலித்தது. ஜெயித்த டீமைப் பார்த்துப் பொறாமையும் வந்தது. பழைய டிசைனையே காட்டியிருந்தால் ஜெயித்திருப்போமோ என்று நான் இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கும் இதுதான் நடக்கும். புராஜெக்ட்டில், வேலையில், நாளைக்கு ஆரம்பிக்கப் போகிற கம்பெனியில் யாரும் உங்களிடம் ‘தீந்துபோனா எங்க போடுறது’ என்று கேட்கப் போவதில்லை. கேட்கிற பாட்டி வயலில் இருப்பார், நடுவர் நாற்காலியில் இருக்க மாட்டார். நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் சொன்னால் விலை ஏறும். சில சமயம் தோற்கவும் வேண்டியிருக்கும்.

சரி, நீங்கள் கொடைக்கானல் கிளம்புகிறீர்களா? தாராளமாக ஏரியில் போட் ஓட்டுங்கள், சாக்லேட் வாங்குங்கள், குணா குகையில் ரீல்ஸும் எடுங்கள். முடிந்தால் அரசு பஸ்ஸில் போங்கள், காசும் மிச்சம், மலைக்கும் பாரம் குறைவு. குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் மறக்காதீர்கள். சூரிய ஆய்வகத்தில் பார்வையாளர் நேரம் எப்போது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பூம்பாறைக்குக் கண்டிப்பாகப் போங்கள். மலைப்பூண்டு கால் கிலோ வாங்கி அம்மாவிடம் கொடுத்தால் அடுத்த டூருக்கும் பர்மிஷன் கிடைக்கும். தண்ணிக்கு வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துப்போங்கள். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை உண்டு.

நாங்கள் அடுத்த பூண்டு நடவுக்கு மறுபடியும் போகிறோம். பத்து சென்சாரும் ரெடி. ஒன்றாம் நம்பர் பாட்டி வயலுக்கு. பாட்டிக்கு அது தேவையில்லை, மண்ணைக் கசக்கினாலே தெரிந்துவிடும். ஆனால் அவர் நட்டு வைக்கச் சம்மதித்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: “நீங்களே வந்து புடுங்கிட்டுப் போயிரணும் கண்ணுகளா.”

போவோம் பாட்டி!